ஆண் என்று எழுதப்பட்ட பூனை

படித்தவர்களிடம் வேணிக்கு மரியாதை உண்டு, அவர்கள் வாயைத் திறக்கும் வரை. காந்தி மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து பழகியவள் அவள். அங்கே நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொன்னால், வாங்க வந்தவள் முகத்திலேயே எறிந்துவிட்டுப் போவாள். கொள்ளிடக்கரைக் காப்பகத்துக்கு வந்த பிறகுதான் தப்பாகச் சொன்னால் ப்ரமோஷன் கிடைக்கும் உத்தியோகங்களும் உலகத்தில் இருப்பதை அவள் தெரிந்துகொண்டாள்.

லால்குடியிலிருந்து காலை பாசஞ்சரில் ஏறி, பிச்சாண்டார்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நடந்து வருவாள். பதினோரு வருஷமாகக் கூண்டு கழுவி, இரை வைத்து, கதவு பூட்டுகிற வேலை. கூண்டில் இருப்பவை துரும்பன் பூனைகள். முழுசாக வளர்ந்தாலும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் தேறும். உடம்பெல்லாம் துருப்பிடித்தாற்போலப் புள்ளி. காட்டில் அரிதாகிவிட்டது என்று இங்கே வைத்துப் பெருக்கப் பார்த்தார்கள். செல்வி, ராஜா என்று ஒரு ஜோடி. ஆறு வருஷமாகக் குட்டி இல்லை.

எப்படி இருக்கும்? ராஜா பெண்.

அது இரண்டு மாதக் குட்டியாக வெளியூரிலிருந்து வந்தபோது, அங்கே யாரோ காகிதத்தில் ஆண் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் வேணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அது வாலைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறும்போது கீழே நின்று பார்த்தால் போதும், சாஸ்திரம் எதுவும் தேவையில்லை. அன்றிலிருந்து அவள் அதை ராசாத்தி என்றுதான் கூப்பிட்டாள். அவள் குரல் கேட்டால் படுக்கிற பெட்டியை விட்டு வெளியே வரும். வேறு யாருக்கும் வராது.

இயக்குநர் தமிழ்மணியிடம் போய்ச் சொன்னாள். ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் வருகிற மனுஷர். கூண்டுப் பக்கம் நாற்றம் என்று கைக்குட்டையோடு நிற்பார்.

"சார், ராஜா கடுவன் இல்லீங்க. பொட்டை."

"ரெக்கார்டுல ஆண்னு இருக்கேம்மா."

"பூனைகிட்ட அப்படி இல்லீங்களே சார்."

தமிழ்மணி சிரித்துவிட்டு டாக்டர் ஆசீரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து ஐந்தடி தள்ளி நின்று வைத்தியம் பார்க்கிற டாக்டர். "சில ஆணுக்கு அது உள்ளயே தங்கிடும்மா. மயக்க ஊசி போட்டுத்தான் பாக்கணும். அதுக்குச் சென்னையில பர்மிஷன் வாங்கணும்" என்றார் அவர். பர்மிஷன் கேட்டு எழுதினார்கள். போன ஃபைல் போனதுதான்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. கேமரா வைத்தார்கள். மூங்கில் புதர் நட்டார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாதம் புல்லாங்குழல் போட்டார்கள். வருஷா வருஷம் ரிப்போர்ட்டில், ஜோடிக்குள் இணக்கம் குறைவு என்று எழுதினார்கள். இரண்டு பெண்ணை ஓர் அறையில் பூட்டிவிட்டு வெளியே நின்று வாரிசுக்குக் காத்திருக்கிற இந்தக் கூட்டத்துக்குச் சம்பளமும் கொடுத்து சலாமும் வைக்கிறார்களே என்று வேணிக்கு வயிறு எரியும்.

சிரிப்பதற்கும் முடியவில்லை. செல்விக்கு எட்டு வயதாகிவிட்டது. சூடு வந்த நாட்களில் கம்பியில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தும். இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் ஒரு கடுவன் வராவிட்டால் அது வெறுமனே செத்துப்போகும், அந்தப் பழியையும் இரை வைத்தவள் தலையில் போடுவார்கள்.

கடுவன் வந்தது. முசிறிப் பக்கம் வாழைத்தோப்பில் நாய் கடித்துப் போட்டதை மருதை என்ற விவசாயி கூடையில் மூடிக் கொண்டுவந்தார். பின்னங்காலில் காயம். வேணி மருந்து தடவும்போதே பார்த்துவிட்டாள், சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண். இரண்டு மாதத்தில் கால் தேறியது.

"இதைச் செல்விகிட்ட விடுங்க சார்" என்று தமிழ்மணியிடம் கேட்டாள்.

"நமக்கு ஒரு ஜோடிக்குத்தான் அனுமதி. ஆண் ஏற்கெனவே இருக்கு. வடக்க ஒரு பூங்காவுல ஆண் கேட்டிருக்காங்க, இதை அங்க அனுப்பப் போறோம்."

"கால்ல விழுந்து கேக்குறேங்க."

"அழாதம்மா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

வேணி அழவில்லை. அவள் முகம் அப்படித்தான். இந்த மனுஷரிடம் இனி ஒரு வார்த்தை பேசினால் தன் நாக்குக்குக் கேவலம் என்று நினைத்தாள்.

வேன் வந்த காலை, முசிறிக் கடுவனைப் பெட்டியில் ஏற்றும் வேலை வழக்கம்போல அவளுக்குத்தான் வந்தது. மற்றவர்களுக்குக் கடி வாங்கப் பயம். அவள் பெட்டியைச் செல்வியின் கூண்டுக்குக் கொண்டுபோய், காடைக்கறித் துண்டை உள்ளே நீட்டி, ராசாத்தி என்று மெல்லக் கூப்பிட்டாள். அது அவள் கையை மோந்துவிட்டு, ஒரு சந்தேகமும் இல்லாமல் உள்ளே போனது. மூடினாள். காலி ஆன இடத்தில் முசிறிக் கடுவனை விட்டாள்.

டாக்டர் ஆசீர் பெட்டியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். "தழும்பே தெரியல பாருங்க சார்" என்றார். தமிழ்மணியும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வேன் போய்விட்டது.

நான்கு மாதம் கழித்துச் செல்வி இரண்டு குட்டி போட்டது. ஒவ்வொன்றும் எலிக்குஞ்சுக்குக் கொஞ்சம் பெரிசு. வேணி அன்று யாரும் பார்க்காதபடி தண்ணீர்க்குழாயடியில் உட்கார்ந்து அழுதாள், நிஜமாகவே. அடுத்த வாரம் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். மலைக்கோட்டைக் கடைவீதியிலிருந்து ஒரு கட்டுப் பொன்னாடை வந்தது. ஆறு வருஷப் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று மைக்கில் சொன்னார் தமிழ்மணி. புல்லாங்குழலையும் விடவில்லை. வேணி நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்த அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டினாலும் மார்க்கெட்டில் ஒரு கூறு விலை போக மாட்டார்கள் என்று தோன்றியது.

அந்த இளப்பம் அவளுக்கு ஏழெட்டு மாதம் சந்தோஷமாக ஓடியது. பிறகு ஒரு நாள் தமிழ்மணி அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கையில் வடக்கிலிருந்து வந்த கடிதம்.

"நாம அனுப்பின ஆண் அங்க இருக்குற பெண்ணோட சேரவே மாட்டேங்குதாம். ஒரு வருஷமா ஒண்ணும் நடக்கலையாம். நம்மகிட்ட ஆலோசனை கேக்குறாங்க." பெருமையில் முகம் விரிந்திருந்தது. "நம்ம ராஜாவுக்கு என்ன சாப்பாடு குடுத்தேன்னு சொல்லு. எழுதி அனுப்பணும்."

சொல்லிவிடலாம். சொன்னால் கடுவனைப் பிடுங்குவார்கள், குட்டிகளின் காகிதத்தைக் கிளறுவார்கள், அவளை அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். வேணி வாயைத் திறந்தாள்.

"காடைங்க சார். வாரத்துல ரெண்டு நாள் எலி."

தமிழ்மணி கவனமாக எழுதிக்கொண்டார்.

வேணி கூண்டுக்குத் திரும்பி நடந்தாள். ஆறு வருஷம் இவர்கள் செய்தது தெரியாமல் செய்தது. தெரிந்தே செய்தவள் அவள் ஒருத்திதான். அங்கேயும் கூண்டு கழுவுகிற ஒருத்தி இருப்பாள். அவளும் பார்த்திருப்பாள். சார், இது பொட்டை என்று அவள் பாஷையில் சொல்லியிருப்பாள், சிரித்திருப்பார்கள். இரண்டு பெண்ணைப் பூட்டிய கதவின் முன்னால் நின்று, இதை ஆண் என்று ஏற்றி அனுப்பிய கை விளங்காமல் போக என்று அவள் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். வேணிக்கு அந்தச் சாபமும் கம்மி என்று பட்டது.