என் முறைத் தண்ணீரை ஜப்பார் பாயிடம் விட்டுப்போன ஞாயிறு

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிலேருந்து மதியம் பன்னெண்டு வரைக்கும் உங்க முறைம்மா. அதை விட்டா அடுத்தது பத்து நாள் கழிச்சுத்தான்."

வாய்க்காலைப் பார்க்கும் லஸ்கர் அண்ணன் வரப்பில் நின்று இதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன மார்கழி, ஒரு வியாழக்கிழமை. எங்கள் சம்பாப் பயிர் பொதி கட்டி நின்றது. இன்னும் சில நாளில் கதிர் வெளியே வரவேண்டும். அந்த நேரத்தில் வேரில் ஈரம் இல்லாவிட்டால் நெல்லுக்குப் பதில் பதர்தான் மிஞ்சும். மழை ஏமாற்றிவிட்டது. அணையிலும் தண்ணீர் குறைவு என்று முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வயலில் என் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது.

"அண்ணே, ஞாயிறு மட்டும் வேணாம்ணே. சனிக்கிழமைக்கு மாத்திக் குடுங்களேன்."

"தண்ணிக்குக் கிழமை தெரியுமாம்மா? மேல இருக்கிறவங்க பாய்ச்சி முடிச்சாத்தானே உங்களுக்கு வரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சிக்கல் என் பக்கம்தான் இருந்தது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். என் மாமனார் ஆளாக நின்று வேலை பார்த்த அதே நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், இன்று எங்கள் பெயரில் பட்டாவாக இருக்கிறது. கணவர் முருகையன் சிங்கப்பூரில் கட்டட வேலை. விவசாயம் முழுக்க என் பொறுப்பு. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் இந்தக் கிறிஸ்தவ சபைக்கு வந்தோம். வெளியில் எங்களை மார்மன்கள் என்பார்கள். தஞ்சாவூரில் ஒரு வாடகை வீட்டில் கூடுகிறோம். முப்பது பேர் வந்துவிட்டால் அன்று நாற்காலி தேட வேண்டியிருக்கும்.

நாங்கள் டீ, காபி குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருக்கு ஒதுக்கிவிடுவோம். இதை அமைதியாகக் கடைப்பிடித்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. "செத்தாலும் ஞாயித்துக்கிழமை வயல்ல கால் வைக்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நடவு நடும் பெண்கள் என்னைக் கண்டால், "கலை வயல்ல ஞாயித்துக்கிழமை களைகூட மொளைக்காதாம்டி" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த ஞாயிறோ சாதாரண ஞாயிறு அல்ல. அன்றுதான் என் மகள் யாழினிக்கு ஞானஸ்நானம். எங்கள் சபையில் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. எட்டு வயது நிறைந்து, பிள்ளை தானாகச் சம்மதித்த பிறகுதான். ஆசாரியத்துவம் என்ற குருப்பொறுப்பைப் பெற்ற தகப்பன் தன் பிள்ளைக்குத் தானே கொடுக்கலாம். "அப்பா வந்தாத்தான் எனக்கு" என்று யாழினி ஐந்து வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள். அதற்காகவே அவர் பத்து நாள் லீவில் வந்திருந்தார். திங்கட்கிழமை திருச்சியிலிருந்து விமானம். தள்ளிப்போட வழியே இல்லை.

ஆளைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சக் கூடாதா என்று கேட்பீர்கள். முறைத் தண்ணீர் நேரத்தில் எங்கள் பக்கம் அது நடக்காது. உரிமைக்காரர் மண்வெட்டியோடு மடையில் நின்றால்தான் மேல்மடைக்காரர்கள் மதிப்பார்கள். கூலி ஆள் நின்றால் தண்ணீர் பாதி வழியிலேயே யார் வயலுக்காவது திரும்பிவிடும்.

தஞ்சாவூரில் எங்கள் சபைக் கிளைத் தலைவருக்குப் போன் செய்தேன். நிதானமான மனிதர்.

"சகோதரி, ஓய்வுநாள்ல மாடு குழியில விழுந்தா தூக்கி விடமாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டிருக்காரு. பயிரும் அப்படித்தான். நீங்க தண்ணி பாய்ச்சினா பாவம் இல்லை. ஆனா புள்ளையோட ஞானஸ்நானத்துக்கு நீங்க இல்லாம எப்படி? உபவாசம் இருந்து கேளுங்க."

கணவர் அன்று மாலை, "நீ மடையில நில்லு கலை, நான் புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் தண்ணீரிலிருந்து எழுந்து வரும்போது துண்டோடு முதலில் நிற்க வேண்டியவள் நான். விட்டுவிடலாம் என்றால் பயிரும் பிள்ளை மாதிரிதானே, மூன்று மாதமாக வளர்த்தது.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து உபவாசம் தொடங்கினேன். எங்கள் உபவாசத்தில் தண்ணீரும் குடிக்க மாட்டோம். தண்ணீருக்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தேன். "பரலோகப் பிதாவே, லஸ்கர் மனசை மாத்தும். இல்லாட்டி மேல்மடைக்காரர் யாராவது முறையை மாத்திக்கொள்ளட்டும். இல்லாட்டி ஒரு மழையாவது தாரும்" என்று வரிசையாகக் கேட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடவுளுக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை யாழினியை உட்காரவைத்து ஞானஸ்நானத்துக்கான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வேதமான மார்மன் புஸ்தகத்தில் ஒரு பகுதி உண்டு. காட்டுக்குள் ஒரு நீர்நிலையின் கரையில் ஒளிந்து கூடிய ஏழை விசுவாசிகளின் கதை. அவர்களைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கவும், அழுகிறவர்களோடு சேர்ந்து அழவும் உங்களுக்கு மனம் இருக்கிறதா என்று. நான் அதை வாசித்துக்காட்டினேன். யாழினி விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்தாள்.

அப்போது என் மனதில் ஒரு பெயர் வந்தது. நான் கேட்காத பெயர். ஜப்பார் பாய்.

ஜப்பார் பாய் எங்கள் அடுத்த வயல்காரர். பதினைந்து வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, நீடாமங்கலம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாய்க்காலில் எங்களுக்கு அடுத்த முறை அவருடையது. ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு எப்படியும் அவர் அங்கே வருவார். மேல்மடைக்காரர்களும் அவர் பேச்சுக்கு அடங்குவார்கள். அவரிடம் கேட்டால் காலையிலேயே வந்து நின்றுவிடுவார். ஆனால் நான் எந்த முகத்தோடு கேட்பது?

அதற்கு முந்தின ஆடியில் குறுவைப் பயிருக்குத் தண்ணீர் கட்டி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் என் வயல் வறண்டு கிடந்தது, அவர் வயல் தளும்பி நின்றது. நேராகக் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "வரப்பை வெட்டித் தண்ணி எடுத்த திருடன்" என்று கத்தினேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நான் வெட்டலம்மா." பத்து நாள் கழித்து வரப்புக்கு மண் அணைக்கும்போது என் மண்வெட்டி ஒரு பொந்தில் இறங்கியது. நண்டு வளை. என் வயலிலிருந்து அவர் வயலுக்கு நேராகப் போனது, கை முஷ்டி நுழையும் அளவுக்கு. சேற்றை அள்ளி அடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. திருடன் என்ற பேச்சு அப்படியே ஊரில் கிடந்தது.

எங்கள் திருவிருந்தில் அப்பமும் தண்ணீரும்தான், திராட்சரசம் கிடையாது. சின்னக் கோப்பையில் ஒரு மிடறு தண்ணீர். அந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்பதை வேதத்தில் படித்துப் படித்து, அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று கடந்து போனேன். ஞாயிறு வயலில் கால் வைக்காதவள் என்ற பெருமை வேறு.

"வேற யாராவது பேரைச் சொல்லும் ஆண்டவரே" என்று மறுபடி முழங்காலில் நின்று கேட்டேன். வேறு எதுவும் வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா கலை, உள்ள வா" என்றார். தண்ணீர் விஷயத்தை முதலில் எடுக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்.

"பாய், நீங்க வெட்டல. நண்டு வளைதான். நான் பார்த்துட்டேன். அப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "எனக்கும் தெரியும்மா. அன்னிக்குச் சாயங்காலமே என் பக்கத்துலேருந்து பார்த்தேன்" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்?"

"நீ கேக்குற மாதிரியா நின்னே?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவர் மனைவி மும்தாஜ் அக்கா டீ கொண்டு வந்தார். பாதி தூரத்தில் நின்று, "அடடா, இவ டீ குடிக்காதவளாச்சே" என்று திரும்பிப்போய் மோர் கொண்டுவந்தார். இத்தனை மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தும் அதை அவர் மறக்கவில்லை.

"இல்லக்கா, நான் இன்னிக்கு உபவாசம்."

ஜப்பார் பாய் என் உதட்டைப் பார்த்தார். "தண்ணிகூடக் குடிக்கலையா? நோன்பு மாதிரியா? எதுக்கும்மா?"

அதற்குப் பிறகுதான் யாழினியின் ஞானஸ்நானத்தைச் சொன்னேன், முறைத் தண்ணீரைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "காலைல ஆறு மணிக்கு நான் மடையில நிக்கிறேன். நீ புள்ளையோட போ. சாயங்காலம் வரைக்கும் இரு, இங்கேயே நோன்பு தொறந்துட்டுப் போ" என்றார். பொழுது சாயும்வரை மும்தாஜ் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் தொழப் போனார்கள், நான் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். பிறகு அந்த மோரைக் குடித்தேன். அப்படி ஒரு மோரை நான் அதற்கு முன்பு குடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறும்போதும் மனதின் ஒரு மூலையில் பழைய கலை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் திருடிவிட்டார் என்று யாரைச் சொன்னேனோ அவர் கையிலேயே என் தண்ணீர் முழுவதையும் கொடுத்துவிட்டுப் போகிறேனே என்று. அன்றைய திருவிருந்துத் தண்ணீர் நாக்கில் பட்டபோது அந்த முணுமுணுப்பு நின்றது.

சபை வீட்டின் பின்புறத் தொட்டியில் ஞானஸ்நானம். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போகவேண்டும், ஒரு முடிகூட மேலே தெரியக் கூடாது. இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். முதல் தடவை கணவர் முக்கியபோது யாழினியின் பின்னல் மேலே மிதந்துவிட்டது. சாட்சிகள் இல்லை என்று தலையசைத்தார்கள், இன்னொரு தடவை. பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு விட்டேன். நான் வயலில் நின்றிருந்தால் அந்தக் கொண்டையை யார் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை அவள் எழுந்து வந்தபோது துண்டோடு முதலில் நின்றது நான்தான்.

வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்குப் போனோம். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். எங்கள் ஆறு மாவிலும் வரப்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. ஜப்பார் பாய் முழங்கால்வரை சேறோடு நின்றுகொண்டிருந்தார். நண்டு வளை இருந்த இடங்களில் எல்லாம் புதுச் சேறு அணைத்திருந்தது.

"நிறைஞ்சிடுச்சும்மா. ஒரு மூலை விடல" என்றார்.

நான் அவர் வயலைப் பார்த்தேன். பாதிதான் நனைந்திருந்தது. மதியத்துக்கு மேல் வாய்க்காலில் வேகம் குறைந்துவிட்டது. மேற்குப் பக்கம் வெடிப்பு அப்படியே தெரிந்தது. அவருக்கும் இனி பத்து நாள் கழித்துத்தான் முறை. "பரவால்லம்மா, பார்த்துக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவினார்.

நான் அவர் கையிலிருந்து அந்த மண்வெட்டியை வாங்கினேன். சபைக்குக் கட்டிய பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எங்கள் இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பை, எதை வெட்டியதாக அவர்மேல் பழி போட்டேனோ அதே வரப்பை, என் கையால் வெட்டினேன். தண்ணீர் என் வயலிலிருந்து அவர் வயலுக்குச் சலசலவென்று இறங்கியது.

"கலை, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்று கரையிலிருந்து சிரித்தார் என் கணவர்.

"மாடு குழியில விழுந்திருக்குங்க" என்றேன்.

தை கடைசியில் இரண்டு வயலும் அறுத்தோம். இரண்டிலும் நெல் பால் பிடித்து முற்றியிருந்தது. வெட்டிய இடத்தை நாங்கள் மறுபடி மண் போட்டு மூடவில்லை. ஜப்பார் பாயும் நானும் சேர்ந்து அங்கே ஒரு சிமெண்டுக் குழாய் பதித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் முறை வந்தால் அவர் பள்ளிவாசலுக்குப் போகிறார், நான் நிற்கிறேன். ஞாயிறு வந்தால் அவர் நிற்கிறார். இதற்கெல்லாம் முன்பே முதல் வேலையாக நான் அவர் கடைக்குப் போய், அன்று கத்திய அதே இடத்தில், ஆட்கள் நிற்கும்போதே உண்மையைச் சொன்னேன். அதுவும் பயமாகத்தான் இருந்தது.

பிரியமானவர்களே, நான் மழையைக் கேட்டேன், முறை மாற்றத்தைக் கேட்டேன். பிதா எனக்கு ஒரு பெயரைக் கொடுத்தார். உங்கள் ஜெபத்துக்கும் பதில் வராமல் இருக்கலாம், அல்லது வந்த பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். முழங்காலில் நிற்கும்போது நீங்கள் கேட்காத ஒரு பெயர் மனதில் வந்தால், தள்ளிவிடாதீர்கள். எழுந்து அந்த வீட்டுக்கு நடங்கள். பிதா ஜெபம் கேட்கிறவர் என்பதை நான் அறிவேன், என் இரட்சகராகிய இயேசுவின் பெயரால் இதை உங்கள் முன் வைக்கிறேன். ஆமென்.