விலைபோகாமல் திரும்பி வந்த ஹால்வி

ஜூலை பிறந்துவிட்டால் ஹால்விக்கு இருப்புக்கொள்ளாது. பேஸ்பால் வீரர்களை அணிகள் கைமாற்றிக்கொள்ளும் கெடு அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதுவரை யாரை எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவனை அதற்குள் மூன்று முறை அப்படி அனுப்பியிருந்தார்கள். ஒருமுறை அவன் மனைவி பெர்னி புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டி முடித்த அன்றைக்கே சேதி வந்ததாம். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் திரைச்சீலை மாட்டவில்லை.

முழுப் பெயர் கர்டிஸ் ஹால்வர்சன். வட டகோட்டா விவசாயியின் மகன், இடது கைக்காரன். எங்கள் ஒமாஹா ஹெரான்ஸ் அணிக்கு எட்டாவது இன்னிங்ஸில் பந்து வீசுவது அவன் பொறுப்பு. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பவன் அனேல் பிச்சார்டோ, டொமினிக்கன்காரன். இருவரும் தங்கள் முறை வரும்வரை மைதானத்தின் கோடியில், வேலிக்குப் பின்னால் இருக்கும் புல்பென்னில்தான் கிடக்க வேண்டும். கையைச் சூடேற்ற அவர்கள் வீசும் பந்துகளைப் பிடிப்பது என் வேலை.

அந்த வருஷம் நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். அடியில் கிடக்கும் அணி விற்கும், மேலே இருக்கும் அணி வாங்கும். கெடு முடியும் நாளன்று மதிய ஆட்டம். யார் வீச வேண்டும் என்று அணி மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லும் சுவர் போனுக்கு எதிரே ஹால்வி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"ஏய் பெரிசு, அந்த போனை அப்படி முறைக்காத, பயந்துபோய் அடிக்கவே அடிக்காது" என்றான் பிச்சார்டோ, சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி.

"உனக்கென்னடா, உன்னை வித்தா நாலு பசங்களைத் தருவாங்க. எனக்கு ரெண்டு பழைய மட்டைதான் கிடைக்கும்."

"ஒரு மட்டை. அதுவும் விரிசல் விட்டது."

எட்டாவது இன்னிங்ஸ் நெருங்கியது. ஹால்வி எனக்குப் பந்து வீசிக் கை சூடேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் கேட்ட கோச் அவன் முகத்தைப் பார்க்காமலே, "போதும் ஹால்வி. உக்காரு" என்றார்.

அவனை விற்றுவிட்டார்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிச்சார்டோ எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். அதுவரை கிண்டலடித்தவன் விட்டால் அழுதுவிடுவான் போலிருந்தது. வாங்கியது கிழக்குக் கரையில் ஒரு அணி, பட்டியலில் முதலிடம். அக்டோபரில் கோப்பைக்கு ஆடப்போகும் அணி. பதினோரு வருஷத்தில் ஹால்வி அக்டோபரில் ஆடியதே இல்லை. காலணியையெல்லாம் பைக்குள் திணித்து, தன் காபி மெஷினைப் பிச்சார்டோவிடம் கொடுத்துவிட்டு, பெர்னியிடம் போனில் "இந்தத் தடவை நல்ல இடம்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் வீரர்களை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜர் நோலன் ஃபிஷ்பெக் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு அவனே எனக்குச் சொன்னான்.

"ஒத்துவரல, ஹால்வி. அவங்க டாக்டருக்கு உன் முழங்கை ஸ்கேன் திருப்தியா இல்லையாம். வேண்டாம்னுட்டாங்க."

"எந்த ஸ்கேன்?"

"மார்ச்ல எடுத்தது."

"அதுல ஒண்ணும் இல்லன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?"

ஃபிஷ்பெக் பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். "நீ நல்லா வீசிக்கிட்டு இருந்தே. எதுக்கு மனசைக் கெடுக்கணும்னு..."

தசைநார் இற்றுக்கொண்டிருப்பது அவர்களுக்கு நாலு மாதமாகத் தெரியும். தெரிந்தே அவனை வீச வைத்து, அறுந்து போவதற்குள் யார் தலையிலாவது கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் ஹால்வி வந்தபோது அவன் அலமாரியில் பெயர்ப்பலகை இல்லை. முந்தின நாளே கழற்றிவிட்டிருந்தார்கள். யாரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிச்சார்டோ மட்டும், "என்ன பெரிசு, கடைக்காரன் திருப்பி அனுப்பிட்டானா? பில்லு வச்சிருக்கியா?" என்றான். ஹால்வி ஒரு கணம் அவனையே பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவன் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை.

அன்றைய ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸுக்குச் சற்று முன் போன் அடித்தது. "ஹால்வி, நீதான்" என்றார் கோச். அவன் கையுறையை எடுத்தான். மாட்டிக்கொண்டான். பிறகு கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, கோச்சின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான்.

"நான் ஹால்வி பேசறேன். என் கையை நான் நம்பற டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன். அதுவரைக்கும் வேற ஆளை அனுப்புங்க."

புல்பென்னிலிருந்து யாரும் அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை. மறுமுனையில் மேனேஜர் கத்தியது எனக்கே கேட்டது. ஹால்வி போனை மாட்டிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தான். பிச்சார்டோ எழுந்து கையைச் சுழற்றிக்கொண்டே என்னிடம், "போடு மோ, இன்னைக்கு ரெண்டு இன்னிங்ஸும் நானே பார்த்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்ளவும் செய்தான்.

சஸ்பெண்ட் செய்வதாக நிர்வாகம் மிரட்டியது. வீரர்கள் சங்கம் குறுக்கே வந்து நின்றது. வெளி டாக்டர் பார்த்தபோது தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா அறுந்திருக்கும்" என்றாராம். அறுவைசிகிச்சை நடந்தது. சீசன் முடிந்ததும் அணி அவனை விடுவித்துவிட்டது. பெர்னி அவன் சொந்த மாநிலத்து ஃபார்கோ நகரில் வேலை தேடிக்கொண்டாள். அவன் ஒன்றரை வருஷம், ஒரு பழைய கொட்டகையின் சுவரில் பந்தை எறிந்து எறிந்து கையைத் தேற்றினான்.

அதற்குப் பிறகு அரிசோனாவில் ஒரு அணி அவனை எடுத்து ஒரு சீசன் வைத்துக்கொண்டது. ஏழாவது இன்னிங்ஸ்தான் கொடுத்தார்கள். எட்டாவது தேடி வரவில்லை. அந்த அணியும் அக்டோபருக்குப் போகவில்லை. இப்போது ஃபார்கோவில் டிராக்டர் பாகங்கள் விற்கிறான்.

போன மாதம் போனில் பேசினபோது அவனிடம் கேட்டேன்: "அன்னைக்கு வாங்க வந்த டீமோட டாக்டர் சரின்னு சொல்லியிருந்தா?"

"அக்டோபர்ல ஆடியிருப்பேன். அங்கேயே கை அறுந்துமிருக்கும்."

"அப்ப நல்லதுதானே நடந்திருக்கு?"

"தெரியல மோ. சில நாள் நல்லதுன்னு தோணுது. சில நாள் கை போனாலும் பரவாயில்லைன்னு தோணுது. பெர்னிகிட்ட சொல்லிடாத."

பின்னால் யாரோ ஒரு விவசாயி எதற்கோ விலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "இருங்கண்ணே, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹால்வி போனை வைத்தான்.