திரும்பிப் போன மெயில்

எட்டாங்கிளாஸைத் தாண்டாதவன் நான். அதை மறைக்கிற ஆளும் இல்லை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கூலிக்கு மண் மிதித்தவன், இன்றைக்கு அதே எஸ்டேட்டில் நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். என் பீங்கான் ஃபியூஸ் கட்டை மாட்டாத தெரு இந்த ஜில்லாவில் இருக்காது. அறுபத்தெட்டு வயதில் கம்பெனிக்கென்று ஒரு வெர்ச்சுவல் சர்வரை வாடகைக்கு எடுத்து, வீடியோ பார்த்துப் பார்த்து நேம் சர்வர் முதற்கொண்டு நானே அமைத்தேன். எஸ்டேட்டில் படித்த முதலாளிகள் இருக்கிறார்கள். ஒருத்தரைச் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நேம் சர்வர் பெரிய வித்தை இல்லை. கம்பெனி பெயரை யார் தட்டினாலும், அது எந்த சர்வரில் இருக்கிறதென்று கைகாட்டுகிற ஆள்; மெயிலுக்கும் அதுதான் வழி சொல்லும். அதுவரை வேறொருவர் சர்வரைக் காட்டியது. இனி என்னுடையதைக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை, வளர்பிறை. பத்தேகால் வரை நல்ல நேரம்.

ஆபீஸ் பார்க்கிற அம்மா தடுத்தார். "ஐயா, நம்ம மெயில் ஐடியெல்லாம் புது சர்வர்ல இன்னும் உண்டாக்கலைங்க. அத முடிச்சிட்டு மாத்திக்கலாங்க."

"மணி பத்தாவுது. ராகு காலத்துல மாத்தச் சொல்றியா?"

"சர்வர் அமெரிக்காவுல இருக்குதுங்க. அங்க ராகு காலம் எத்தனை மணிக்குங்க?"

"அது எங்க இருந்தா என்ன? பட்டனை அமுக்குற கை விருதாச்சலத்துலதான இருக்குது?"

சூடம் கொளுத்தி அமுக்கினேன். மத்தியானத்துக்குள் வெப்சைட் புது சர்வரிலிருந்து திறந்தது. எல்லாருக்கும் டீ, ஜிலேபி. அப்புறம் லோடு லாரி வந்தது. சனி அதில் போனது, ஞாயிறு லீவு. மெயில் ஐடிகளைத் திங்கட்கிழமைதான் உண்டாக்கினோம். அதுவரை வந்த மெயிலையெல்லாம் என் சர்வர், அப்படியொரு முகவரி இங்கே இல்லை என்று அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தெரியாத நம்பரிலிருந்து போன். என் பழைய பார்ட்னரின் மனைவி. அவனும் நானும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் இது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போர்டில் என் பெயரை மட்டும் எழுதினேன். ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போய் ஸ்ரீமுஷ்ணத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்தான். அவன் நம்பரை அப்போதே பிளாக் செய்துவிட்டேன்.

"அண்ணே, அவருக்கு நேத்து பாண்டிச்சேரியில ஹார்ட் ஆப்பரேஷன். அதுக்கு முன்னால உங்கள ஒரு தடவ பாக்கணும்னு கெடந்தாரு. கடைக்கு வந்த உங்க ஃபியூஸ் கட்டை அட்டைப்பெட்டியில மெயில் ஐடி இருந்துச்சு. சனிக்கிழமை அதுக்கு எழுதுனாரு. வர முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆளே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டீங்களே."

"இல்லம்மா, அது சர்வருல..."

"இருக்கட்டும்ணே." வைத்துவிட்டாள்.

உடனே பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன். இரண்டு நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தாள்.

வியாழக்கிழமை வார்டுக்கு மாற்றினார்கள். பாதியாக இளைத்திருந்தான். நல்ல நேரம் பார்த்தது, ஆபீஸ் அம்மா தடுத்தது, என் அவசரம், எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லாததால் இரண்டு தடவை திக்கியது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"சரிடா, சர்வரு திருப்பிடுச்சு. வந்து சேந்திருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவன் பெயரைப் பார்த்ததுமே, அழிச்சிடும்மா என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

"வந்திருக்க மாட்டேன்டா."

"அதான் நானும் நெனச்சேன்" என்றபடி போர்வைக்குள் காலைக் கொஞ்சம் நகர்த்தினான். கட்டிலில் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.