என் வாய்க்குள் குடியிருந்தவர்கள்

பிரஷ்ஷைத் தொடாமலே பள்ளிக்கூடம் போகும் பாக்கியம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. எனக்கு வீசிங். ஐப்பசி மழை பிடித்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். வாயில் பச்சைத் தண்ணீர் பட்டாலோ பேஸ்ட் நுரை தொண்டையில் இறங்கினாலோ இழுப்பு ஏறிவிடும் என்பது அம்மாவின் சட்டம். தை பிறக்கும்வரை ஈரத்துணியால் பல்லை ஒரு துடை, வெந்நீரில் ஒரு கொப்புளிப்பு, அவ்வளவுதான். மோட்டார் கொட்டகையில் நடுங்கிக்கொண்டு பல் தேய்க்கும் அண்ணன் என்னைப் பார்த்து வயிறெரிவான். நான் மகாராணி மாதிரி நடந்துகொள்வேன்.

இத்தனை காவல் இருந்தும், நான் மூன்றாவது படித்த வருட மார்கழியில் இழுப்பு விடவே இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கினேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டு விழித்திருந்தாள். கடைசியில் வல்லத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போனோம். டாக்டர் மருந்துப் புகை பிடிக்கவைத்ததும் மூச்சு கொஞ்சம் தணிந்தது. பக்கத்து லேபில்தான் என் சித்திக்கு வேலை. ஆசையாய்க் கொஞ்ச வந்தவள் என் வாயைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசிஞ்சிக்கினு இருக்குது? பல்லு வெளக்கறாளா இல்லியா?"

"வீசிங் புள்ளடி. பச்சத் தண்ணி ஆவாது."

சித்தி ஒரு குச்சியால் என் பல்லோரம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் சொட்டு நீரோடு தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எனக்கு எட்டாததால் ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டாள்.

எனக்குப் புல்லரித்துப்போனது. வட்டமான வெளிச்சத்துக்குள் குச்சிகள் வழுக்கிக்கொண்டு போயின. சுருள்கள் துடித்துத் துடித்து ஓடின. எல்லாம் உயிர்! எல்லாம் என் வாய்க்குள்! திருவண்ணாமலை தீபத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது என்று நினைத்தேன்.

"தூங்கறப்ப இதுங்க நெஞ்சுக்குள்ளயும் எறங்கும்க்கா. வீசிங்குக்கு இதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா ஏற்கெனவே நொந்துபோன நெஞ்சுக்கு இது வேறயா? வெந்நி வெச்சாவது ரெண்டு வேளையும் வெளக்க வெய்யி."

அம்மாவையும் பார்க்கச் சொன்னாள். அம்மா குனிந்தாள். நிமிரவே இல்லை. நான் புடவையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. என்னைப் போலவே அவளும் அதிசயித்து நிற்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. என் வாயிலிருந்து வந்தவை அல்லவா!

அவள் ஒருவழியாக விலகியதும் ஓடிப்போய்க் கண்ணை வைத்தேன். எல்லாம் மங்கலாக இருந்தது. கண் வைக்கும் கண்ணாடி நனைந்திருந்தது. சித்தி பஞ்சால் துடைத்துக் கொடுத்தாள். மார்கழிப் பனி லேபுக்குள்ளும் இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டு நான் மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.