கோ முத்துவுக்கு முன்னால் போன ஆட்டு லாரி

நேற்று ரங்கூன் தாமுவே பேட்டையில் ஏறிய டாக்சி புது மாதிரி. ஸ்டீயரிங் இடப்பக்கம், நான் வலப்பக்கம். முன்னால் போன பஸ்ஸை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டுநர் முந்திவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

உங்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். ரங்கூனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். எங்கள் பழைய ஜப்பான் கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகும் வண்டியை முந்தும்போது எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்தவன்தான் தலையை நீட்டிப் பார்த்து, பர்மியில் "ஸ்வே" என்று சொல்ல வேண்டும். விடு, போகலாம் என்று அர்த்தம். நாங்கள் வேலை பார்த்த மரக்கடையின் வண்டியை எங்கள் கோ முத்து, அதாவது முத்து அண்ணன், ஓட்டுவார். நான் ஸ்வே சொல்வேன். அதற்கென்றே பிறந்தவன் என்று எனக்கு நினைப்பு.

பிறகு இருவரும் துபாய்க்கு வேலைக்குப் போனோம். ரங்கூன் பக்கத்து இன்சீனிலிருந்து ஓமானுக்குப் போய்விட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவருக்கு ஒரு வரன் வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் பெண் பார்க்க வந்துவிட வேண்டும். தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகப் பெண்ணின் அப்பா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

வாடகைக்கு எடுத்த காரைக் கோ முத்து ஓட்ட, விடியலில் கிளம்பினோம். அடடா, அந்த மலைகள்! புல் பூண்டு கிடையாது. ஆனால் ஒன்று செங்கல் நிறம், ஒன்று கத்தரிப்பூ, அடுத்தது பாசிப்பச்சை. நான் வாயைப் பிளந்துகொண்டு வந்தேன். கோ முத்து பார்த்ததெல்லாம் ஆடு ஏற்றிய ஒரு லாரியின் பின்புறத்தை மட்டும்.

"வழி இருக்கா?"

நான் வலப்பக்கம் எட்டிப் பார்த்தேன். லாரியும் பள்ளமும்தான் தெரிந்தன. "தெரியல, கோ முத்து."

அப்படியானால் போகக் கூடாது என்றார். வளைவுக்கு வளைவு கேட்டார். நானும் அதையே சொன்னேன். ஓர் ஆடு வழி நெடுக எங்களையே பார்த்துக்கொண்டு வந்தது. ராகு காலம் மலையிலேயே பிறந்துவிட்டது. மனிதர் அழாத குறை. எனக்கும் பாவமாக இருந்தது.

பெண்ணின் அப்பா வாசலிலேயே முறைத்தார். காரணத்தைச் சொன்னோம். அவரும் ஒரு காலத்தில் இன்சீனில் லாரி ஓட்டியவர், முகம் இளகிவிட்டது.

"பக்கத்து ஆளு சொல்லாம எப்படித் தம்பி போறது? செஞ்சது சரிதான்."

காபி கொண்டுவந்த பெண் ஓமானில் வளர்ந்தவள். கோ முத்துவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க ஸ்டீயரிங் இடப்பக்கந்தானே. ரோடு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்துதான் இருக்கும். ஆனால் அதைப் பார்ப்பது ஓட்டுகிறவர் வேலை என்று ஆண்கள் எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் காபி தட்டில் கொட்டியது. ராகு காலத்திலேயே கல்யாணம் நிச்சயமானது.

அதன்பின் முன்சீட்டு அவளுடையது ஆயிற்று. இன்னமும் அவளைக் கேட்டுத்தான் முந்துகிறாராம். நான் ஊர் திரும்பிவிட்டேன். இங்கே பழைய கார்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. எட்டிப் பார்க்க எனக்குக் கழுத்து இருக்கிறது. வழி இருக்கா என்று கேட்கத்தான் ஆளில்லை.