அக்காவின் காரில் ஒரு சுவிட்ச்

சனிக்கிழமை காலை 7.40. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழே நின்ற காரின் கதவைத் திறந்தேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

"மெதுவா லா, தம்பி! மேல தூக்கி, அப்புறம் உன் பக்கம் இழு," என்றாள் புஷ்பா அக்கா, மலேசியப் பேச்சின் 'லா'வோடு. கைப்பிடியை வாங்கி, ஒரே தட்டில் மறுபடி பொருத்தினாள். அது காரின் கைப்பிடியே இல்லை. ஆணி விற்கும் கடையில் மூன்று ரிங்கிட் ஐம்பது காசுக்கு வாங்கிய அலமாரிக் கைப்பிடி.

புஷ்பா அக்கா என் பெரியம்மா மகள். திருச்சியிலிருந்து கல்யாணமாகி மலேசியா வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஐந்து நாள் விருந்தாளி. வந்த முதல் நாளே அவள் வீட்டில் அறை அறையாகப் போய் ஓடிக்கொண்டிருந்த விசிறிகளையும் எரிந்துகொண்டிருந்த விளக்குகளையும் அணைத்து வைத்தேன். பழக்கதோஷம். ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளிக்கப் போன அத்தான் இருட்டில் நின்று கத்தியது வேறு கதை.

காருக்கு வயது இருபத்தாறு. அக்கா தன் சம்பளத்தில் வாங்கியது. கூரையில் பெயிண்ட் உரிந்த இடத்தில் சுவருக்கு அடிக்கும் உருளையால் அவளே வெள்ளை அடித்திருந்தாள். இருக்கைகளுக்கு சோபாத் துணி. வெயிலில் வெடித்த டாஷ்போர்டுக்கு வாசலில் போடும் மிதியடியை அளவாக வெட்டி ஒட்டியிருந்தாள். என் முழங்காலுக்கு எதிரே, வீட்டுச் சுவரில் மாட்டும் சுவிட்ச் ஒன்று சின்னச் சிவப்பு விளக்கோடு இருந்தது. எல்லாவற்றையும் கேட்டு வியந்தவன், அதைப் பற்றி மட்டும் கேட்காமல் விட்டேன். அதன் முன்னால் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தப் பயணம் சும்மா ஊர் சுற்ற அல்ல. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை சூடேறி வண்டி சாலையில் நின்றிருந்தது. சுபாங் ஜெயாவில் இருக்கும் மகன் குணா, வியாழக்கிழமை சாப்பாட்டில் என் எதிரிலேயே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை ரோட்ல நின்னுச்சுன்னா சாவிய என்கிட்ட கொடுத்துடணும்மா. பழைய இரும்புக்குப் போட்டுடறேன். அப்புறம் பேச்சே இல்ல." அக்காவும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். விசிறி மோட்டார்தான் கோளாறு, அதை மாற்றிவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு.

"அவனுக்குப் பாசம்தான், பயப்படறான்," என்றாள் வண்டியை எடுக்கும்போது. "டாக்சி கூப்பிடலாம், அவனையே கூப்பிடலாம். ஆனா எங்க போறேன், எப்ப வரேன்னு யார்கிட்டயும் சொல்லாம நான் போறது இதுல மட்டும்தான் தம்பி. அதை இரும்புக்குப் போடச் சொல்றான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

8.45. கிள்ளான். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் தகரக் கொட்டகையில் நுழைந்தபோது எனக்கு ஒரு கணம் திக்கென்றது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த கார்கள், சரிபாதியாக வெட்டப்பட்டு, முன்பாதி மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தன. விளக்கும் இன்ஜினும் இருக்கும், அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இதற்கு 'ஹாஃப் கட்' என்று பெயர். வேண்டிய பாகத்தை நாமே காட்டிக் கழற்றி வாங்கலாம்.

கடைக்காரர் சந்திரன், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் விசிறியின் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து பேட்டரியில் தொட்டுக் காட்டினார். விர்ரென்று சுற்றியது.

"தொண்ணூறு, அக்கா."

"அறுபது, பாஸ். நான் நாள்பட்ட வாடிக்கை லா."

"உங்களால நான் கடைய மூடணும். எழுபது எடுத்துக்கங்க."

அக்கா கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்து, பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியதைப் பூட்டினாள். நாற்பது நிமிடம். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசைப்படி ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தாள். நான் டார்ச் பிடித்தேன். அதையும் தப்பாகப் பிடிக்கிறேன் என்று திட்டு வாங்கினேன்.

11.20. ஜெஞ்சாரோம். கிள்ளானிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர், இருபுறமும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டம். இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே வண்டியைச் சோதிக்கத்தான். போய் வந்துவிட்டால் குணா வாயைத் திறக்க முடியாது. அக்காவின் பழைய தோழி வீட்டில் மீன் குழம்பும் சோறும். சூடுமானி முள் பாதியைத் தாண்டவே இல்லை. தோழியிடம் அதை மூன்று தடவை சொன்னாள் அக்கா.

மாலை 3.30. திரும்பும் வழியில் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, விற்கும் கடையில் நிறுத்தினாள். எனக்கு ஏசி குளுகுளுவென்று இருக்கட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டே இறங்கிப் போனாள். என் பையை நகர்த்தினேன். பட்டப்பகலில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதற்கு வீணாக என்று அணைத்தேன். பையைப் பழையபடி வைத்தேன். பஜ்ஜி நன்றாக இருந்தது.

திறந்த சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் ஜெயாவை நெருங்கும்போது நெரிசல். வண்டிகள் ஊர்ந்தன. பத்தே நிமிடத்தில் சூடுமானி முள் சிவப்பைத் தொட்டது. அக்கா ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினாள். முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி. மணி 4.50.

சாவியை மட்டும் திருப்பிவிட்டு, இறங்கி பானெட்டைத் திறந்தாள். "ஃபேன் சுத்தவே இல்ல," என்றாள். உடனே சந்திரனைப் போனில் கூப்பிட்டாள். "பாஸ், உங்கள நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! காலையில போட்ட மோட்டார் சாயங்காலம் செத்துப்போச்சு!" அந்த மனிதர் பதறிச் சத்தியம் செய்வது எனக்கே கேட்டது.

பிறகு சாலையோரக் கம்பியில் சாய்ந்து நின்றாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே குணாவை அழைத்து, "வா," என்றாள்.

அவன் வர இருபது நிமிடம் ஆனது. நெற்றியில் கவலையோடு ஓடிவந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்றுதான் முதலில் கேட்டான். அக்கா வளையத்திலிருந்து சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தாள். "சொன்னா சொன்னதுதான். எடுத்துக்கோ."

நான் என் பையை எடுக்கக் குனிந்தேன். சுவிட்ச் கண்ணில் பட்டது. அதிலிருந்து ஒரு கம்பி, மிதியடி ஓரமாக, பானெட் பக்கம் போயிற்று. அடப்பாவி!

உண்மையைச் சொல்கிறேன்: பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறுநாள் எனக்கு விமானம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அக்காவின் நகம் இன்னும் அந்த வளையத்தோடு போராடிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றேன். "இந்த சுவிட்ச் எதுக்கு?"

"ஃபேனுக்கு. தானா ஓடறது கெட்டுப்போய் வருஷமாச்சு, நான்தான் நேரா கம்பி இழுத்து விட்டேன். அதை யாரும் தொடறதில்ல, எப்பவும் ஆன்ல..." அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நான் அணைச்சுட்டேன்."

"எப்போ?"

"பஜ்ஜிக் கடையில. பகல்ல விளக்கு எரியுதேன்னு..."

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். சுவிட்சைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். விர்ரென்று சுற்றியது எழுபது ரிங்கிட் மோட்டார். அவள் அழுதாளா சிரித்தாளா, எனக்குத் தெரியவில்லை. "எருமமாடு!" என்று மட்டும் தெளிவாகக் கேட்டது.

குணா விடவில்லை. "எப்படியோ, வண்டி ரோட்ல நின்னுச்சு இல்ல? பேச்சு பேச்சுதானேம்மா?"

"நின்னது வண்டியால இல்ல. உன் மாமாவால. வேணும்னா அவனை இரும்புக்குப் போடு."

குணா என்னைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சூடு தணிய முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பின்பெட்டியில் எப்போதும் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரை அவன்தான் ஊற்றினான். அதற்குள் அக்கா சந்திரனிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரம் முறுக்கு கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டாள். குணா பிரிக்ஃபீல்ட்ஸ் வரை தன் காரில் பின்னாலேயே வந்தான். சாவியைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

ஞாயிறு மாலை விமான நிலையம், சுமார் அறுபது கிலோமீட்டர். கொண்டுபோய் விடுவதாகக் குணா சொன்னான். வேண்டாம், அக்கா வண்டியில்தான் போவேன் என்றேன். சுவிட்சின் மேல் ஒரு மருந்து டப்பா மூடி. அதைச் சுற்றிக் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர், தாதி வேலையின் சுத்தத்தோடு. அதில் பேனாவால் எழுதியிருந்தாள்: 'தம்பி, கை!'

புறப்பாட்டு வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்து, "ஒண்ணே ஒண்ணு தம்பி," என்றாள். "இங்கேர்ந்து போகும்போது எதையும் அணைக்காமப் போ." கண் கலங்கியிருந்தது அவளுக்கு. எனக்கும்தான்.

இரவு திருச்சி வந்து சேர்ந்தேன். கூடத்தில் ஆளே இல்லை, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கை தானாக சுவிட்சுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்: "இந்த ஃபேன் யாருக்காவது வேணுமா?"

மனைவி வெளியே வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.