மகளுக்கு நான் போட்ட மொட்டை

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் குரங்குக்குக்கூடக் கோப்பு உண்டு. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஒவ்வொரு மூளைச் சீவலுக்கும் எண், வயது, இறந்த நாள். திருத்தணி மலைப்படியில் என் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவற்றுக்கு யார் பெயர் எழுதி வைத்தார்கள்? சீவல்களுக்குச் சாயமேற்றுவது என் வேலை. நரம்புச் செல்களுக்கு அல்ல, அவற்றுக்கு உணவூட்டித் தாங்கி நிற்கும் துணைச் செல்களுக்கு. மூளையின் மேற்பரப்பிலிருந்து விழுதுபோல் இறங்கும் ஒரு வகை, குரங்குக்குத் தூரத்து உறவான லெமூரில் குட்டையாக நின்றுவிடும். குரங்கில் ஆழமாக இறங்கும். வாலில்லாக் குரங்கிலும் மனிதரிலும் இன்னும் சிக்கலாகப் பின்னும். நரம்புச் செல்களோடு தாங்குகிறவையும் சேர்ந்தேதான் வளர்ந்திருக்கின்றன என்று மகளிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

சென்ற மாதம் அவள் மூளையில், அதே துணைச் செல்களில், கட்டி என்றார்கள். யாமினிக்குப் பதின்மூன்று வயது. அறுவைக்கு நாள் குறித்ததும் என் மனைவியின் தம்பி திருத்தணியிலிருந்து பேசினான். "எப்படியும் அங்க தலைய செரைக்கத்தான போறாங்க பாவா? முருகன வேண்டிக்கினு நீங்களே மொட்ட போட்டுடுங்க. முடிய அனுப்புங்க, நான் மலையில செலுத்திடுறேன்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அறுவைக்கு முந்தைய நாள் காலை குளியலறையில் அவளை உட்காரவைத்துச் சவரக்கத்தியை எடுத்தேன். "நைனா, காத வுட்டுடு, கண்ணாடி மாட்டணும்" என்று சிரித்தாள். மூன்று இடத்தில் கீறிவிட்டது. மொட்டைக்குமேல் சந்தனம் பூசாமல் நாம் விடுவதில்லையே, குழைத்துப் பூசினேன்.

மருத்துவமனையில் குல்லாயைக் கழற்றியதும் அறுவை மருத்துவரான அந்த அம்மாள் திகைத்துப்போனார். "இந்த மஞ்சள் மருந்தை யார் கொடுத்தது?"

"மருந்தில்லை, வேண்டுதல்."

"அப்படியானால் அறுவை வேண்டாமா?"

வேண்டும், வேண்டும் என்று தடுமாறினேன். வெட்டும் கோட்டில் மட்டும் விரலகலத்துக்கு மெஷினால் முடியைக் குறைப்பார்களாம். கத்திக் கீறல் வழியே கிருமி போகுமாம். கீறல் ஆறும்வரை அறுவையைத் தள்ளிவைத்தார்கள். இறந்த குரங்கின் சீவலைக்கூடக் கையுறையில்லாமல் தொடாதவன் நான்.

யாமினி கோபப்படவில்லை. "இன்னும் எத்தினி நாளு நைனா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை. கட்டிக்கும் அத்தனை நாட்கள் கிடைக்கும் என்பது தெரியும்.

ஊருக்குப் போன ஒருவரிடம் முடியைக் கொடுத்தனுப்பினேன். நேற்று மைத்துனன் மலையிலிருந்து பேசினான். "செலுத்தியாச்சு பாவா. கொழந்தைக்கு ஆபரேசன் முடிஞ்சிதா?" ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து, மூன்றாவது கீறலின் பொருக்கு உதிர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.